மோட்டார் கொட்டகையில் நின்ற கார்

பெர்கன் நகரில் நான் குடியேறிய முதல் குளிர்காலம். ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்கு, பக்கத்து வீட்டு இங்ரிட் என் வாசல் சுவரிலிருந்த பிளக்கில் தன் மின்சார காரின் வயரைச் செருகிக்கொண்டிருந்தார், ஒரு வார்த்தை கேட்காமலே. நான் கதவைத் திறந்ததும் கையசைத்துவிட்டுத் தன் வீட்டுக்குள் போய்விட்டார். திருட்டு என்றே நினைத்தேன். பின்னாலேயே போய், எனக்குத் தெரிந்த அரைகுறை நார்வேஜிய மொழியில், "காரில் என்ன பிரச்சினை?" என்று கேட்டேன். என் கார் கிளம்பவில்லை என்று அவர் புரிந்துகொண்டு, கோட்டை மாட்டிக்கொண்டு உதவிக்கு வந்து நின்றார். அவர் வீட்டு பிளக் பழுதாகியிருந்ததும், அந்தத் தெருவில் இப்படி மின்சாரம் வாங்கிக்கொள்வது சாதாரணம் என்பதும் மாலையில் அவர் கேக்குடன் வந்தபோதுதான் விளங்கின. அன்றைய நாட்குறிப்பில் நேரத்தோடு எழுதி வைத்திருக்கிறேன். இன்று நானும் அப்படி ஆகிவிட்டேன். சுவரில் பிளக் கண்ணில் பட்டால், கை தானாக வயரைத் தேடுகிறது.

பாபநாசத்துக்கு அருகே எங்கள் ஊரில் விவசாயம் பார்க்கும் என் தம்பி சேகர் சென்ற ஆண்டு கார் வாங்க நினைத்தான். அவன் மனைவி கலைச்செல்விக்குத் தஞ்சாவூரில் ஆசிரியை வேலை. தினமும் இரண்டு பேருந்து மாறிப் போய்வந்துகொண்டிருந்தாள். சின்ன கார், பெட்ரோல் வண்டி என்று அவன் முடிவே செய்துவிட்டிருந்தான். நான் விடவில்லை. ஊருக்குள் நின்று நின்று ஓட்டுவதற்கு மின்சார வண்டிதான் தோது, தஞ்சாவூர் கீழவாசல் நெரிசலில் கிளட்ச் மிதித்துக் கால் வலிக்க வேண்டியதில்லை என்று மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போனில் பேசினேன். "பெட்ரோல் வண்டி வழியில நின்னா பாட்டில்ல வாங்கியாந்து ஊத்தலாம். கரண்ட பாட்டில்ல புடிக்க முடியுமாக்கா?" என்று சிரித்தான். கடைசியில் என் பேச்சைக் கேட்டு மின்சார வண்டியையே வாங்கினான்.

இந்த ஆனி மாதம் விடுப்பில் ஊருக்குப் போனேன். வாய்க்காலில் இன்னும் தண்ணீர் வரவில்லை. குறுவை நாற்றங்கால் முழுவதும் போர்வெல் தண்ணீரை நம்பி இருந்தது. விதை விட்டு ஆறாம் நாள்; நாற்று விரற்கடை உயரம் எழும்பியிருந்தது. காலையும் மாலையும் ஈரம் காட்டாவிட்டால் அந்த வெயிலில் கருகிவிடும்.

அன்று திங்கட்கிழமை, கலைச்செல்விக்கு விடுமுறை. சேகர் உரம் வாங்கக் கும்பகோணம் போயிருந்தான். மறுநாள் அவள் வேலைக்குப் போகும் அளவுக்கு வண்டியில் சார்ஜ் இல்லை. வீட்டு பிளக்கில் மாட்டினால் வோல்டேஜ் குறைந்து சார்ஜர் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. கொல்லைக்கு அப்பால் மோட்டார் கொட்டகைச் சுவரில் ஒரு பிளக் இருந்தது. வண்டியை அங்கே ஓட்டிப்போய் நிறுத்தி, செருகினேன். பச்சை விளக்கு எரிந்தது. எனக்கு ஒரே பெருமை.

வெளியே வாழும் நம்மவர்களுக்காகச் சொல்கிறேன். பம்புசெட்டுக்கு அரசு தருவது இலவச மின்சாரம். பயிருக்குத் தண்ணீர் இறைக்க மட்டும்தான். வேறு எதற்காவது எடுத்தால் இணைப்பே போய்விடலாம். அதற்காக அப்பா எத்தனை ஆண்டு காத்திருந்தார் என்பதைக் கூடவே இருந்து பார்த்தவள் நான். அன்று அது என் நினைவுக்கே வரவில்லை.

பதினொன்றரை மணிக்கு டிரான்ஸ்பார்மர் பார்க்க வந்த மின்வாரிய இளம் பொறியாளரும் லைன்மேன் முருகையனும் வரப்போடு நடந்து வந்தார்கள். முருகையன் எங்கள் ஊர்க்காரர். வயரைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, காருக்குத் தண்ணி பாய்ச்சுறீங்களா?" என்றார். நான் சிரித்தேன். பொறியாளர் சிரிக்கவில்லை. அவர் சொன்னதும் முருகையன் பியூஸ் கட்டையை உருவித் தன் பையில் போட்டுக்கொண்டார். ஓடிக்கொண்டிருந்த மோட்டார் நின்றது.

கலைச்செல்வி போன் செய்ய, சேகர் பைக்கில் பறந்து வந்தான். மண் காயத் தொடங்கியிருந்த நாற்றங்காலை ஒரு பார்வை பார்த்தான். "என்ன வேல பண்ணி வச்சிருக்க? நாத்து கருகுனா நீயா வந்து பதில் சொல்லுவ? ஒனக்கு டிக்கெட் இருக்கு, ஏறிடுவ" என்றான், பல்லைக் கடித்துக்கொண்டு.

பொறியாளர் கொட்டகை நிழலில் உட்கார்ந்து தாளை எடுத்தார். "வீட்டு ஆளே செஞ்சிருந்தா இணைப்பத் துண்டிக்கச் சொல்லி எழுதுறதத் தவிர எனக்கு வழியில்லைங்க. வெளியாள் யாராவது தெரியாம செஞ்சிருந்தா எச்சரிக்கையோட விடலாம். இவங்க யாரு?"

சேகர் என்னைப் பார்க்கவில்லை. "வெளிநாட்டுலேர்ந்து வந்துருக்காங்க சார். விருந்தாளி."

முருகையன் மின்கம்பத்தை அண்ணாந்து பார்த்தார். நான் பிறந்ததற்கு இந்த வீட்டில் சர்க்கரை கொடுத்தபோது வாங்கித் தின்றவர் அவர்.

"அப்படியே எழுதிக் குடுங்க" என்று தாளை நீட்டினார் பொறியாளர். நாளும் நேரமும் பிசகாமல் எழுதியே பழகிய கை, முதலில் தேதியையும் மணியையும் போட்டது. நார்வே நாட்டில் வசிக்கும் நான், இந்த வீட்டுக்கு விருந்தாளியாக வந்த இடத்தில், உரிமையாளருக்குத் தெரியாமல் என்று எழுதினேன். முகவரிக்கு பெர்கன் தெருவின் பெயர். "இத எப்படிங்க வாசிக்கறது?" என்றார் பொறியாளர். வாசித்துக் காட்டினேன். சேகரும் கேட்டுக்கொண்டு நின்றான். கையெழுத்துப் போட்டேன். கார்பன் வைத்து எழுதியதால் நகலை என்னிடம் கொடுத்தார்.

முருகையன் கட்டையைச் செருகினார். மோட்டார் இருமி, பிடித்துக்கொண்டது. அவர்கள் இருவரும் வரப்பில் திரும்பி நடந்தார்கள். காய்ந்திருந்த பம்புசெட்டு வாய்க்காலில் தண்ணீர் நுரைத்துப் பாய்ந்து, நாற்றங்காலை விட்டுவிட்டுப் மடையை உடைத்துக்கொண்டு பக்கத்து வயலுக்குள் ஓடியது.

"அக்கா, பாத்துக்கிட்டு நிக்கிற! மடைய மிதிச்சு அடை!" என்று தூரத்திலிருந்து சேகர் கத்தினான்.

இறங்கினேன். முழங்கால் வரை சேறு. இரண்டு காலாலும் மண்ணை மிதித்து மடையை அடைத்துக்கொண்டு, கையிலிருந்த நகல் நனைந்துவிடாமல் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி நின்றேன்.