விதைப் பொட்டலத்தில் என் வயிறு

நான் ஆறு மாதக் கர்ப்பமாக இருந்தபோது சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் விதை பாக்கெட் போடும் வேலையில் இருந்தேன். பூசணி விதை, சூரியகாந்தி விதை, ஆளி விதை, கருப்பு எள் எல்லாவற்றையும் வறுத்துக் கலந்து, 'கர்ப்பிணித் தாய்மார்களுக்கு' என்று அச்சடித்த பையில் அடைப்போம். இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து, இன்னும் வாயில் நுழையாத பல சத்துகள் உள்ளே இருப்பதாகப் பையின் பின்பக்கம் சொன்னது. நாள் முழுக்க அந்தச் சத்துகளுக்கு நடுவில்தான் நின்றேன். ஒரு விதையை வாயில் போட்டால் வேலை போய்விடும். மூக்கால் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம், அதற்குத் தடையில்லை.

உட்கார ஒரு ஸ்டூல் கேட்டேன். "உனக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பாங்கம்மா" என்றார் சூப்பர்வைசர். நியாயம்தான். மறுநாள் எல்லாரும் கர்ப்பமாகி வந்து நின்றால் பாவம், அவர் என்ன செய்வார்?

வீட்டில் வேறு சட்டம். பஞ்சு மில் மூடும்வரை அங்கே நூல் சுற்றிய என் மாமியாருக்கு, எள் என்றாலே பயம். "எள்ளைக் கண்ணால கூட பாக்காத. சூடு. கரு தங்காது" என்றார்.

"அத்தை, காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் எள்ளைத்தானே பாத்துட்டு வரேன்."

கொஞ்சம் யோசித்தார். "சரி, பாரு. மோந்து பாக்காத" என்று சட்டத்தைத் திருத்தினார்.

ஏழாம் மாதத்தில் கம்பெனி பையை மாற்ற முடிவு செய்தது. படம் எடுக்க டவுனிலிருந்து ஒரு போட்டோகிராபர் வந்தார். நடிக்கச் சென்னையிலிருந்து ஒரு பெண் வந்தாள். கல்லூரி முடித்திருப்பாள், அவ்வளவுதான். அவள் வயிற்றில் தலையணையைக் கட்டினார்கள். அது ஒரு பக்கமாகவே சரிந்தது. "கல்யாண சாப்பாடு சாப்ட்டு வந்த மாதிரி இருக்கு சார்" என்று போட்டோகிராபர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

சூப்பர்வைசர் என்னிடம் வந்தார். அவருக்குப் பல் வரிசை நன்றாக இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"ஏம்மா, ஒரு அஞ்சு நிமிஷம் வயித்தைக் குடுக்கறியா?"

மழைக்குக் குடை கேட்பதுபோலக் கேட்டார். கொடுத்தேன். மெத்தை வைத்த நாற்காலி எங்கிருந்தோ வந்தது. வெள்ளை கவுன் ஒன்றை மாட்டிவிட்டார்கள். வயிற்றின்மேல் கையை வைக்கச் சொன்னார்கள், வைத்தேன். சீல் போடும் மெஷின் சுட்ட தழும்புகளைப் பார்த்ததும் போட்டோகிராபர், "கை வேணாம், கையை எடுத்துடுங்க" என்றார். சென்னைப் பெண் எனக்குப் பின்னால் உட்கார்ந்து, தன் கைகளை முன்னால் நீட்டி என் வயிற்றைப் பிடித்தாள். "குழந்தையை நினைச்சு சிரிங்க" என்றார் அவர். நான் சிரித்தேன். "நீங்க வேணாம்மா, உங்க முகம் வராது."

திடீரென்று அந்தப் பெண் கையை இழுத்துக்கொண்டாள். "அக்கா, உள்ள உதைக்குது!"

"அதுக்கும் போட்டோ பிடிக்கலை போல" என்றேன்.

அவள் மெதுவாகத் திரும்பக் கையை வைத்தாள். படம் முடிந்தபிறகும் கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை. அன்றைக்கு அந்த இடத்தில் குழந்தையை நினைத்தவள் அவள் ஒருத்திதான்.

சன்மானமாக ஒரு பாக்கெட் கொடுத்தார்கள். கேட்டில் வாட்ச்மேன் பையைச் சோதித்து, "சீட்டு இல்லாம சரக்கு வெளிய போகக்கூடாதும்மா" என்று வாங்கி வைத்துக்கொண்டார். வயிற்றுக்கும் சீட்டு கேட்காமல் விட்டாரே, அதுவே பெரிது.

வீட்டில் சொன்னபோது என் கணவர், "யாரைக் கேட்டுக் குடுத்த?" என்றார். வயிறு கூட்டுச் சொத்து என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

புதுப் பை சுருள் சுருளாக வந்தது. ஒட்டிச் சேர்த்த படத்தில் அவள் முகம், அவள் கை, என் வயிறு. பக்கத்து மெஷின்காரி ஒவ்வொரு பையையும் அழுத்தும்போது, "வலிக்குதாடி?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தாள்.

எட்டாம் மாத முடிவில் வேலையிலிருந்து நின்றேன். காண்ட்ராக்ட் ஆளுக்குப் பிரசவ விடுப்பு கிடையாது, ஆனால் "நல்லா சாப்டும்மா" என்ற அறிவுரை தாராளமாகக் கிடைத்தது. அந்த வாரம், டவுனில் சாரத்தில் குடியிருக்கும் அண்ணி, கணவரின் அக்கா, என்னைப் பார்க்க வந்தார். கையில் அதே பாக்கெட்.

மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தார். "வயிறுன்னா இப்படி இருக்கணும். நல்ல சத்தா சாப்ட்ட வயிறு. நீயும் இருக்கியே."

"அத்தை, அது என் வயிறுதான். அன்னைக்கே உங்க பிள்ளைகிட்ட சொன்னேன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அண்ணி என் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். "ரத்தம் கம்மிம்மா இவளுக்கு. அதான் இப்படிலாம் பேசறா."

மாமியார் முறத்தில் பாக்கெட்டைக் கொட்டி, எள்ளை மட்டும் ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தார். நாங்கள் மெஷினில் நொடியில் கலந்ததைப் பிரிக்க அவருக்கு இரண்டு மத்தியானம் பிடித்தது. மிச்சத்தை என் கையில் கொடுத்தார். இத்தனை மாதம் கழித்து முதல்முறையாகத் தின்றேன். நன்றாக இருந்தது. அதுதான் எனக்கு ஆத்திரம்.

பெண் குழந்தை பிறந்தது. வீட்டுக்கு வந்த பிறகும் பால் சரியாக ஊறவில்லை. குழந்தை அழுதது, நானும் அழுதேன். மாமியார் வெந்தயக் களி கிண்டி, நடுவில் குழி செய்து நல்லெண்ணெய் ஊற்றி நீட்டினார். கூடவே எள்ளும் வெல்லமும் இடித்துப் பிடித்த உருண்டை.

"எள் சூடுன்னீங்க?"

"அது அப்ப. இப்ப சூடு வேணும். பேசாம தின்னு."

கேலியாக ஏதாவது சொல்ல வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. அவர் என் வாயில் உருண்டையை வைத்தார். தலையையும் ஒரு தடவை தடவினார், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு.

இரண்டு நாளில் பால் வந்தது. எள்ளுருண்டைதான் காரணம் என்றார் மாமியார். தான் வாங்கி வந்த பாக்கெட் என்றார் அண்ணி. அடிக்கடி மார்பில் போட்டதால்தான் என்றார் தடுப்பூசி போட வந்த நர்ஸம்மா. மூவரும் சத்தம் போட்டுப் பேசிக்கொண்டிருக்க, என் மகள் கண்ணை மூடிக்கொண்டு குடித்துக்கொண்டே இருந்தாள்.