லோகாவுக்குப் போட்ட கூச்சல்

ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் போன் செய்தால், அது அவர் மகள் லோகா ஓடிய செய்தியாகத்தான் இருக்கும். போன மாதம் அப்படி அடித்தபோதும் அவர் வாய் திறப்பதற்குள், "எத்தனாவதுண்ணே?" என்று கேட்டுவிட்டேன். "புள்ள போயிட்டாம்மா" என்றார். டிங்கிக் காய்ச்சல். பயிற்சி நின்றுவிடும் என்று யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறாள்.

நான் அதிகம் படித்தவள் இல்லை. ஈஜோக் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் உதிர்ந்த பழம் பொறுக்குகிறவள். அவளைத் தெரிந்த நீங்கள் எல்லாரும் வந்து அழுதுவிட்டுப் போனீர்கள். எனக்கு அவள் ஓடியதைப் பேச வேண்டும்.

தோட்டத்துச் செம்மண் சாலையில் அவள் ஓடினால் நாங்கள் குடியிருக்கும் லயத்து நாய்கள் எல்லாம் துரத்தும். பாதி வழியில் நாக்கைத் தொங்கப் போட்டு உட்கார்ந்துவிடும். "அத்தை, இதுங்களுக்கு ஸ்டாமினா இல்லலா!" என்று சிரிப்பாள்.

பள்ளி முடிந்ததும் அண்ணன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "மாநிலப் போட்டியில ஜெயிச்சா ஓடு. இல்லாட்டி திங்கக்கிழமை ராவாங்கு ஃபேக்டரிக்கு வேலைக்குப் போ. பேசி வச்சிட்டேன்." அவள், "சரிப்பா" என்று சொல்லிவிட்டு இன்னொரு தட்டுச் சோறு போட்டுக்கொண்டாள்.

போட்டி நாளில் லயத்துப் பெண்கள் நாங்கள் அண்ணனையும் ஏற்றிக்கொண்டு வேன் பிடித்துப் போனோம். பக்கத்து வீட்டுப் பார்வதியக்கா ஆரத்தித் தட்டோடு வந்தார். நெடுந்தூர ஓட்டம் எங்களில் யாரும் பார்த்ததில்லை. சுற்றிச் சுற்றி ஓடுகிறார்கள், முடிகிற வழியைக் காணோம். திடீரென்று பார்த்தால் மற்றப் பெண்கள் கூட்டமாக முன்னால் போகிறார்கள், லோகா தனியாகப் பின்னால் வருகிறாள்.

"ஐயோ, கடைசியா வராளே! எல்லாம் போச்சே!" என்று பார்வதியக்கா தலையில் அடித்துக்கொண்டார். அண்ணன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். எனக்கு என்ன வந்ததோ, எழுந்து நின்று கத்தினேன். "ஏய் லோகா! ஃபேக்டரியில நாளு பூரா நிக்கணும்டி! ஓடுடி!"

பக்கத்தில் இருந்த பெண் என் கையைப் பிடித்து இழுத்தாள். "ஆன்ட்டி, அவ கடைசி இல்லலா! ஒரு ரவுண்டு முன்னாடி இருக்கா. அவங்கள இன்னொரு தடவ தாண்டப் போறா!"

அவ்வளவுதான். எங்கள் கூட்டத்தை அதற்குமேல் யாரும் அடக்க முடியவில்லை. லோகா ஒவ்வொருத்தியாகத் தாண்டத் தாண்ட, நாங்கள் பெஞ்சுமேல் ஏறிவிட்டோம். பார்வதியக்கா சூடத்தைக் கொளுத்திக்கொண்டு திடலுக்கே இறங்கிவிட்டார்! காவலர் குறுக்கே ஓடி வருகிறார். எங்களைக் கடந்து போகும்போது லோகா சிரித்துக்கொண்டே சத்தம் போட்டாள்: "அக்கா, தட்ட எறக்குங்க! நான் இன்னும் முடிக்கல!"

முதலாவதாகத்தான் முடித்தாள். அண்ணன் அவள் முன்னால் வந்து நின்றார். துண்டை மடித்தார், பிரித்தார். "ஃபேக்டரிக்குப் போன் பண்ணிடுறேன்" என்றார்.

"என்னன்னுப்பா?"

"புள்ள பிஸின்னு."

அதன் பிறகு மாநில அணியில் சேர்ந்து பினாங்கு, ஜோகூர் என்று ஓடாத இடமில்லை. ஜெயித்தாலும் தோற்றாலும் அடுத்த ஓட்டம் எப்போது என்பதுதான் அவள் பேச்சு. ஒரு தடவை கேட்டேன், தனியாக முன்னால் ஓடப் பயமாக இல்லையா என்று. "தனியா ஓடுனா தூக்கம் வந்திரும் அத்தை. நீங்க கத்துனாதான் எனக்கு முழிப்பு" என்றாள்.

எங்களை வேலை வாங்கும் மண்டோர் திட்டினாலும் குனிந்த தலை நிமிராமல் பழம் பொறுக்கிய என்னை, ஊர் பார்க்கக் கத்த வைத்தவள் அவள். காரியம் முடிந்த மறுநாள் பள்ளித் திடல் வழியாக வந்தேன். பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். கடைசியாக ஒரு பெண் வந்தாள். இந்தத் தடவை நன்றாகப் பார்த்தேன், உண்மையிலேயே கடைசிதான். வேலியைப் பிடித்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினேன்: "விடாத கண்ணு! ஓடுடி!"

அந்தப் பிள்ளை திரும்பிப் பார்த்துவிட்டு வேகமெடுத்தது. லோகா, உன்னிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது இந்தக் கூச்சலைத்தான்.