கருங்கோளன் செத்தே தீர வேண்டும்

பாத்திரத்தைச் சாகடிப்பது எங்கள் தொழிலில் சுலபமான வேலை. செத்தவனைச் செத்தவனாகவே வைத்திருப்பதுதான் பெரும்பாடு. ஒரே கதையுலகைப் பலரோடு பங்குபோட்டு எழுதி மாட்டிக்கொண்ட சக எழுத்தாளர்களே, உங்கள் தலைவலி எனக்குத் தெரியும். நான் சித்தூர்க்காரன். திருப்பதியில் ஓர் ஒலிக்கதை கம்பெனியின் விண்வெளித் தொடரைத் தமிழில் எழுதுகிறேன். அதே உலகத்தைத் தெலுங்கில் எழுதுகிறாள் லாவண்யா. இரண்டுக்கும் பொது வில்லன் கருங்கோளன். கிரகம் கிரகமாகக் கொளுத்துகிறவன். அவன் சிரித்தால் செல்போனே அதிரும்.

சாவும் கல்யாணமும்

யாரையாவது கொல்வதற்கு முன் வாட்ஸ்அப் குழுவில் சொல்லிவிட வேண்டும் என்பது எங்கள் ஆபீஸ் சட்டம். நானும் ஒழுங்காக, "கருங்கோளன் இன்று காலமானார்" என்று போட்டேன். வெள்ளிக்கிழமையாதலால் குழு முழுக்கத் திருச்சானூர்த் தாயார் படங்கள். நடுவில் என் செய்தியைப் பார்த்த கணக்குப் பிரிவுக்காரர்கள் நிஜச் சாவு என்றே நம்பி, வரிசையாக "ஓம் சாந்தி" போட்டார்கள். லாவண்யா குழுவில் மேலே தள்ளி என் செய்தியைப் பார்க்கவில்லை. யார் வீட்டிலோ துக்கம் என்று அவளும் ஓர் ஓம் சாந்தி போட்டுவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டாள்.

அன்று மாலை தமிழில் கருங்கோளன் சூரியனுக்குள் விழுந்து சாம்பலானான். தெலுங்கில் மாலையும் கழுத்துமாக மணமேடையில் உட்கார்ந்திருந்தான். நான் குதித்துக்கொண்டு போனால், அவள் அசரவே இல்லை.

"பெள்ளி முஹூர்த்தம் பெட்டேசானு சார், கல்யாணத்துக்கு நாள் குறிச்சாச்சு. பந்தல்ல அந்தப் பொண்ணு கதி என்ன ஆவறது? நீங்க சாவைக் கொஞ்சம் தள்ளி வெய்யுங்க!"

தலைமுழுக்கு

அப்புறம் என்ன, சாம்பல் ஒன்றுசேர்ந்து அவன் எழுந்து வந்தான். ஒரு தடவை வந்தவனுக்கு வழி தெரிந்துவிடும் இல்லையா? அடுத்த சாவில் செத்தது இரட்டைப்பிறவி என்றோம். அதற்கடுத்ததில் நகல் உடம்பு என்றோம்.

இதில் நொந்துபோனவர் எங்கள் ஒலிப்பதிவாளர் வரதன். கோயில் கைங்கர்யம் செய்கிற குடும்பம். முதல் சாவைப் பதிவு செய்ததும் காபியைத் தொடாமல் எழுந்து வீட்டுக்குப் போனார். "இத்தனை நாள் காதுக்குள்ளேயே குடியிருந்தவன், பங்காளி மாதிரி ஆயிட்டான்" என்று காரணம் சொல்லி, தலைக்குக் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்தார். அடுத்த சாவுக்கும் அப்படியே. அதற்கடுத்த தடவை மப்ளர் சுற்றிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார்.

"ஓய், ஒண்ணு அவன் இருக்கட்டும், இல்லே போகட்டும். அவன் செத்துச் செத்துப் பிழைக்கறான், ஜலதோஷம் எனக்குன்னா பிடிக்கறது!"

கஸ்தூரி கேட்ட நியாயம்

ஏர்பேட்டிலிருந்து கஸ்தூரி என்கிற பெண் ஆபீசைத் தேடிக்கொண்டு வந்தாள். வேர்க்கடலைக் கொல்லையில் களையெடுக்கும்போது காதில் எங்கள் கதைதானாம். தாயாரைச் சேவிக்கத் திருச்சானூர் வந்தவள், அப்படியே எங்களையும் பார்க்க வந்துவிட்டாள். பாராட்டப் போகிறாள் என்று நான் சட்டையைச் சரிசெய்துகொண்டு முன்னால் போனேன்.

எங்கள் கதாநாயகி ஆதிரையின் அண்ணனைக் கருங்கோளன் கொன்று ரொம்ப நாளாகிறது. அந்த அண்ணனை நாங்கள் மறந்தே போயிருந்தோம். கஸ்தூரி மறக்கவில்லை. அவளுடைய அண்ணனும் இறந்துபோனவர் என்று பேச்சுவாக்கில் சொன்னாள். அதற்குப் பிறகு அவள் ஒன்று கேட்டாள். வெட்கமாக இருந்தது.

"நல்லவன் செத்தா ஒரேயடியா போயிடறான். இந்தப் பாவி மட்டும் வந்துக்கினே இருக்கான். இது இன்னா சார் நியாயம்? ஆதிரை இன்னாத்துக்கு அவ்ளோ கஷ்டப்பட்டு அவனை ஜெயிக்கணும்?"

படுகளம்

கொன்றே தீருவது என்று முடிவு செய்தேன். ஆனால் கருங்கோளனின் குரல் முனிவேலு. அவரிடம் எப்படிச் சொல்வது?

முனிவேலுவுக்கு வடமாலபேட்டை பக்கம். சொந்த நிலம் இல்லாத குடும்பம். கூலி வேலை செய்து, இப்போது திருச்சானூருக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். முன்பு அவரை "ஏய்" என்று கூப்பிட்டவர்கள், குரல் யாருடையது என்று தெரிந்ததும் "முனிவேலு காரு, ஒரு தடவை சிரிச்சுக் காட்டுங்க" என்று நிற்கிறார்கள். வில்லனோடு அந்த மரியாதையும் போய்விடுமே!

ஆட்டோவில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து மென்று விழுங்கிச் சொன்னேன். அவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டுப் படுகளத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். ஊர்த் திருவிழாவின் கடைசி நாளில், கெட்ட ராஜாவை மண்ணால் பெரிதாகச் செய்து படுக்கவைத்து, தொடையில் அடித்து வீழ்த்துவதுதான் படுகளம். மண்ணைக் குழைப்பது முனிவேலுவின் நைனாதானாம். "அந்த ராஜாவும் வருஷா வருஷம் திரும்ப வர்றாரே?" என்று மடக்கினேன்.

"கதையை மொதல்லேர்ந்து ஆடறோம், அதனால வர்றாரு சார். அடிச்சப்புறம் எழுந்து வந்ததே கெடையாது. அதான் ஜனம் அழுவுது. தப்பிச்சிக்கினே இருக்கறவனுக்கு எவன் சார் அழுவான்? எனக்கு நல்ல சாவா எழுதிக் குடு."

கடைசி மூச்சு

லாவண்யாவும் ஒப்புக்கொண்டாள். இரண்டு மொழியிலும் ஒரே நாளில் சாவு. எங்கள் முதலாளிக்கு ஒரு பழக்கம்: எந்தச் சாவுக்குப் பின்னாலும் மெல்லிசாக ஓர் இதயத்துடிப்பைச் சேர்க்கச் சொல்வார், ஆளைத் திரும்பக் கொண்டுவர உதவும் என்று. முனிவேலு கடைசி மூச்சை விட்டு முடித்ததும், துடிப்பைச் சேர்க்கட்டுமா என்று வரதன் கண்ணாலேயே கேட்டார். வேண்டாம் என்றேன். முதலாளியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆனாலும் அந்தச் சாவு அப்படியே ஒலிபரப்பானது.

மறுநாள் காலை முனிவேலுவிடமிருந்து போன். ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்திருந்த சவாரிகள் குரலை வைத்து அவரைக் கண்டுபிடித்துவிட்டார்களாம். என்ன ஆச்சோ என்று பயந்துகொண்டேதான் போனை எடுத்திருந்தேன்.

"சார், இத்தினி நாளு 'கருங்கோளா, நீ எப்போடா சாவே'ன்னு கேட்டாங்க. இன்னிக்கு எல்லாரும் 'அடுத்து யாரா வரப் போறீங்க'ன்னு கேக்கறாங்க. இன்னா சார் சொல்லட்டும்?"

வில்லனைச் சாகவிடப் பயந்து நடுங்குவதெல்லாம் எழுதுகிறவர்களும் முதலாளிகளும்தான். கேட்கிறவர்களும் வில்லனும் எப்போதோ தயாராகிவிடுகிறார்கள்.