சவுக்காரக் கட்டியோடு நின்றவர்

மலேசியாவில், பாடாங் செராய் பக்கத்துத் தோட்டத்தில் நான் கணக்கெழுதும் கிராணியாக இருந்தபோது, என் பழைய காரின் பெட்ரோல் டாங்கி ஒழுகியது. மறுநாள் அம்மாவைக் கண் ஆப்பரேஷனுக்கு அலோர் ஸ்டார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். டாங்கியைக் கழற்ற வீட்டு வாசலிலேயே காருக்கு அடியில் படுத்தேன்.

தோட்டத்து டிராக்டர் டிரைவர் குளிக்கப் போகிற வழியில் வந்து நின்றார். தோளில் துண்டு, கையில் சவுக்காரக் கட்டி, காதிடுக்கில் எப்போதும் பற்ற வைக்காத ஒரு சிகரெட்.

"ஐயா..." என்று இழுத்தார்.

"வாய மூடிக்கிட்டு நில்லு!" என்று கத்தினேன்.

நின்றார். துருப்பிடித்த நட்டுகள் என் விரல்களைக் கிழித்தன. மூன்று மணி நேரம் கழித்து டாங்கியை இழுத்தபோது பெட்ரோல் குழாயும் சேர்ந்து முறிந்தது.

"என்னய்யா சொல்ல வந்தே?" என்று இன்னும் அங்கேயே நின்றவரிடம் கேட்டேன்.

"ஓட்டையில சவுக்காரத்தத் தேய்ச்சா அடைச்சிக்கும் ஐயா. நம்ம டிராக்டர் அப்படித்தான் ஒரு மாசமா ஓடுது."

"அப்பவே சொல்லித் தொலைச்சா என்ன?"

"கிராணி மூடச் சொன்னா மூடிக்கணும்லா."

முகத்தில் சிரிப்பே இல்லை. பயந்தாரா, பழிவாங்கினாரா? இன்றுவரை எனக்குத் தெரியாது. மறுநாள் விடியற்காலை பஸ்ஸில் அம்மாவைக் கைத்தாங்கலாக ஏற்றிவிட்டவரும் அவர்தான். அப்போதும் அவர் வாயைத் திறக்கவில்லை.