வெண்கழுகு கையை விலக்கிய நாள்

மகளின் காமிக்ஸைப் பிரித்ததும் அச்சுமையின் வாசனை மூக்கில் ஏறியது. "அப்பா, இதுல ஹீரோ ரொம்ப கெட்டவனா இருக்கான். போன புக்ல இப்படி இல்லையே," என்றாள். அந்த வார்த்தையில் நான் மறுபடி புதுப்பட்டினத்தில், பத்து வயதில் நின்றேன்.

எங்கள் ஹீரோ வெண்கழுகு. விழுகிற எவரையும் காற்றிலேயே பிடித்துவிடுவான். அந்தப் பொங்கலுக்கு அவனும் இன்னொரு நாயகனும் சேர்ந்து வந்த சிறப்பிதழில் மட்டும், பாறையில் தொங்கிய கூட்டாளியைக் கைவிட்டுச் சிரித்தான். என் நண்பன் ஜப்பாருக்கு அழுகையே வந்துவிட்டது.

"இது அவரு இல்ல மச்சான். எவனோ வேஷம் கட்டிகினு வந்துகீறான்."

எனக்கோ அந்தச் சிரிப்பு பிடித்திருந்தது. உப்புக்காற்றில் பிசுபிசுத்த விரலால் தடவித் தடவி அந்தக் கட்டமே நைந்துபோனது.

மறுநாள் பாதி கட்டிய வீட்டின் சுவரில் ஜப்பார் ஏறினான். கீழே ஜல்லி. விளையாட்டில் நான்தான் வெண்கழுகு. அவன் விழுகிற ஆள்.

"புடிப்பியா?"

"குதிடா."

அவன் கால் சுவரை விட்டதும் கையை விலக்கிக்கொண்டேன். சிரித்தும் பார்த்தேன். காய்ந்த சவுக்குக் கிளை ஒடிவதுபோல அவன் முழங்கை ஒடிந்தது.

கட்டுப் போட்டுக் கூட்டிவந்த அவன் அம்மா, "இன்னாடா ஆச்சு?" என்று என்னைத்தான் கேட்டார். ஜப்பார் முந்திக்கொண்டான். "இவன் புடிக்கத்தாம்மா வந்தான். நான்தான் தள்ளிக் குதிச்சிட்டேன்."

அவன் கை இன்றும் முழுதாக நீளாது. அன்று அவன் அம்மா என் தலையைத் தடவி, டீயும் பன்னும் கொடுத்தார். தின்று முடித்து, இன்னொரு பன் கேட்டேன்.