நெட்டி மகுடமும் ஒரு முழம் மல்லிகையும்

சனிக்கிழமை காலை வகுப்பில் தட்டுமணையில் தாளம் தட்டிக்கொண்டிருந்தபோது செல்போன் அடித்தது. "டீச்சர், சுமித்ரா போய்ட்டா" என்றார் அவருடைய கணவர் கண்ணன். பிள்ளைகளை உட்காரச் சொல்லிவிட்டு நானும் தரையில் உட்கார்ந்தேன். எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல. இனி இந்தத் தஞ்சாவூரில் என்னை யாரோடும் ஒப்பிட்டுப் பேச மாட்டார்கள் என்ற நினைப்புதான் வந்தது. அதன் பிறகே அழுதேன். அஞ்சலிக் கட்டுரையில் இதையெல்லாம் எழுதலாமா என்று சிலர் கேட்பீர்கள். எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சுமித்ரா ஒடிசாவில் பிறந்து சிறு வயதிலிருந்தே ஒடிசி நடனம் பயின்றவர். பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் குடும்பத்தைச் சேர்ந்த கண்ணன், வேலைக்குப் போன இடத்தில் அவரைத் திருமணம் செய்துகொண்டார். பிறகு இருவரும் தஞ்சாவூரில் குடியேறினார்கள். நான் பரதநாட்டியம் சொல்லிக்கொடுக்கும் தெருவுக்கு அடுத்த தெருவில், ஒரு மாடியில் சுமித்ரா வகுப்பு தொடங்கினார். மூன்றாம் மாதமே என் மாணவிகள் இரண்டு பேர் அந்த மாடி ஏறிவிட்டார்கள். பரதம் வளர்ந்த ஊரில் வந்து கடை விரிக்க எவ்வளவு தைரியம் என்று எனக்கு வயிறு எரிந்தது.

அந்த நேரம் பார்த்து, ஆற்றங்கரை ஊர் ஒன்றின் விழாக்குழுச் செயலாளர் என்னைத் தேடி வந்தார். "ரெண்டு பேரும் ஒரே மேடையில ஆடுங்க டீச்சர். நீங்க நேர்க்கோடு, அவங்க வளைவு. சேந்து நின்னா பாக்க நல்லாருக்கும்" என்றார். மாட்டேன் என்றால் பயந்துவிட்டதாகப் பேசுவார்கள். சரி என்றேன்.

ஒத்திகையின் முதல் நாளே அவரைக் குத்தினேன். முழங்காலை மடித்து நிற்கும் எங்கள் அரைமண்டியில் முதுகு அளவுகோல்போல நிமிர்ந்து நிற்கும். அவரோ தலை ஒரு பக்கம், மார்பு ஒரு பக்கம், முழங்கால் ஒரு பக்கம் என்று மூன்று வளைவாக நிற்பார். "கோயில் மேடைங்க. இடுப்ப இவ்ளோ ஆட்டாதீங்க" என்றேன். அவர் சிரித்தார். "இடுப்பு ஆடலக்கா, மார்புதான் நகருது. இடுப்பு ஆடிருந்தா எங்க குரு என்னைய உண்டு இல்லைன்னு பண்ணிருப்பாரு." மாமியாரிடம் கற்ற பட்டுக்கோட்டைத் தமிழ் அது. மாலையில் இருவரும் சேர்ந்து ஆடிப் பார்த்தோம். என் அடவு எட்டு எண்ணிக்கையில் முடிந்த இடத்திலேயே அவருடைய வளைவும் வந்து முடிந்தது. இருவர் பாதமும் ஒன்றாகத் தரையில் பட்டபோது எனக்கு மெய்சிலிர்த்தது. "நாளைக்குச் சீக்கிரம் வாங்க" என்று மட்டும் சொன்னேன்.

விழா அன்று ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் ஒப்பனை செய்துகொண்டோம். ஒடிசி ஆடுபவர்கள் கொண்டையைச் சுற்றி வெள்ளைப் பூ மகுடம் சூடுவார்கள். அதன் நடுவே கோபுரம்போல ஒன்று எழும்பி நிற்கும். அது நிஜப் பூ அல்ல. நீர்நிலைகளில் வளரும் நெட்டிச் செடியின் வெள்ளைத் தண்டை மெல்லிசாகச் சீவி, இதழ் இதழாக ஒட்டிச் செய்வது. வந்த பெண்கள் எல்லாரும் அந்த மகுடத்தைச் சுற்றியே நின்றார்கள். என்னிடம் இருந்தது நாலு முழம் மல்லிகை. அதை ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை.

சுமித்ரா மேடையைப் பார்க்க வெளியே போயிருந்தார். என் நிகழ்ச்சிகளுக்கெல்லாம் பூக் கட்டித் தரும் செல்வி, வழக்கம்போலச் சொம்பும் கையுமாக வந்து மல்லிகைக்குத் தண்ணீர் தெளித்தார். பிறகு பெஞ்சில் இருந்த மகுடத்தைப் பார்த்தார். "அம்மாடி, எவ்ளோ பூவு! வாடிறப் போவுது" என்று சொம்புக்குள் கையை விட்டார்.

எனக்கு நெட்டி தெரியும். கண்ணாடிப் பெட்டிக்குள் நெட்டியில் செய்த பெரிய கோயிலைப் பார்த்து வளர்ந்தவள் நான். தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்றும் தெரியும். ஒரு வார்த்தை சொல்ல நேரம் இருந்தது. நான் கண்ணாடியைப் பார்த்து மை தீட்டிக்கொண்டிருந்தேன்.

சுமித்ரா திரும்பி வந்தபோது கோபுரம் சாய்ந்து, இதழ்கள் பசை விட்டு உதிர்ந்திருந்தன. செல்வி அழுதுவிட்டார். "அழாதீங்கம்மா. நீங்களே பூன்னு நம்பிட்டீங்கன்னா செஞ்சவருக்குப் பெருமதான" என்று அவரைத் தேற்றிய சுமித்ரா, என் பக்கம் திரும்பினார். "அக்கா, உங்க மல்லியில ஒரு முழம் குடுங்க."

கொடுத்தேன். அதைக் கொண்டையில் சுற்றிக்கொண்டு ஆடினார். "நம்மூரு மல்லிய வச்சுக்கிட்டு என்னமா ஆடுச்சு அந்தம்மா!" என்று மறுநாள் கடைத்தெருவெல்லாம் அதே பேச்சு. என் ஊர், என் பூ, பெயர் மட்டும் அவருக்கு. செய்த தப்பு உறுத்தியதைவிட அதுதான் அன்று எனக்கு அதிகம் உறுத்தியது.

அடுத்த மகுடத்தை அவர் தஞ்சாவூரிலேயே நெட்டி வேலை செய்பவர் ஒருவரைத் தேடிப் பிடித்துச் செய்துகொண்டார். பிறந்ததிலிருந்து இங்கேயே இருக்கும் எனக்கு அந்த வீடு எங்கே என்று தெரியாது. அதற்கும் பொறாமைப்பட்டேன். நாகூரில் ஆட வேனில் ஏறியதும், மகுடப் பெட்டியை என் மடியில் வைத்தார். "இது உங்ககிட்டயே இருக்கட்டுக்கா. தண்ணி பட்டா என்னாவும்னு உங்களுக்குத் தெரியும்ல." எல்லாம் தெரிந்து சொன்னாரா, வெள்ளந்தியாகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. கேட்கவும் துணிவில்லை. ஒன்பது வருடம் நாங்கள் சேர்ந்து ஆடினோம். எந்தப் பயணத்திலும் அந்தப் பெட்டி என் மடியை விட்டு இறங்கியதில்லை.

போன மாதம் ஆஸ்பத்திரியில் அவரைப் பார்க்கப் போனபோது, சொல்லிவிடுவது என்றுதான் போனேன். "சுமித்ரா, அன்னைக்குச் செல்வி தண்ணி தெளிச்சப்ப..." என்று தொடங்கினேன். "செல்வியம்மா பேத்தி இப்ப என்கிட்டதான் கத்துக்குதுக்கா. என்னமா வளையுது தெரியுமா!" என்றார். செல்வி பேத்தியை என்னிடம் அனுப்பாமல் அங்கே அனுப்பியிருக்கிறாரே என்று எனக்குச் சுருக்கென்றது. சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

சனிக்கிழமை அவர் வீட்டு வாசலில் நிற்க இடமில்லை. எனக்கு இதில் பாதிக் கூட்டம் வருமா என்று எண்ணிக்கொண்டேதான் உள்ளே போனேன். கண்ணன் அந்தப் பெட்டியை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். "இது எப்பவும் உங்ககிட்டதான இருக்கும் டீச்சர்." மகுடத்தை எடுத்துத் தலைமாட்டில் வைத்தேன். வெயில் ஏறி மாலைகள் வாடத் தொடங்கின. உறவுக்காரப் பெண் ஒருவர் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து மாலைகளுக்குத் தெளித்துக்கொண்டே மகுடத்தின் பக்கம் கையைக் கொண்டுபோனார்.

"தெளிக்காதீங்க! அது நெட்டி. தண்ணி படக்கூடாது!"

நான் கத்திய கத்தலில் எல்லாரும் திரும்பினார்கள். கூட்டத்தில் நின்ற செல்வி மெதுவாகக் கேட்டார். "இது அன்னைக்கே உங்களுக்குத் தெரியுமா டீச்சர்?"

சுமித்ராவின் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் பதில் சொன்னேன். "தெரியும் செல்வி. பொறாமையில வாயத் தெறக்காம இருந்துட்டேன்."

"ஒம்பது வருசமா நாந்தான் பாவின்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றார் அவர். தன் கூடையிலிருந்து ஒரு முழம் மல்லிகையை எடுத்தார். வாங்கிக்கொள்ள நான் கை நீட்டினேன். என்னிடம் தராமல் தானே குனிந்து சுமித்ராவின் தலையில் வைத்தார்.

போய் வாருங்கள், சுமித்ரா. மகுடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை. அந்த மகுடத்தோடு நீங்கள் தெருமுனை திரும்பும்வரை எல்லாரும் உங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். காலிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்து நானும் உங்களையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.