கண்ணாடிக்கடைக்காரர் ஒட்டிய ஸ்கிரிப்ட்

கண்ணாடிக்கடைக்காரருக்குக் கை சும்மா இருக்காது. அலமாரியில் இருக்கும் பிரேம்களையெல்லாம் இறக்கி வேறு மாதிரி அடுக்குவார்; அது பிடிக்காமல் மறுபடி பழையபடியே அடுக்குவார். பார்வையில் ஒரு குறையும் இல்லாத மனிதர். ஆனாலும் பவர் இல்லாத ஒரு கறுப்புக் கண்ணாடியை மூக்கில் மாட்டிக்கொண்டுதான் கல்லாவில் உட்காருவார். "நானே வெறுங்கண்ணோட உக்காந்திருந்தா, வர்றவங்களுக்குக் கண்ணாடி மேல எப்படி ஆசை வரும்?" என்பார். பின்னறையில் லென்ஸ் தேய்க்கும் மெஷின் முன்னால் இருக்கும் அவர் மனைவி இதற்கெல்லாம் தலையைத் தூக்குவதே இல்லை. அந்தக் கடையில் வேலை நடந்தது அவளால். பேச்சு நடந்தது அவரால்.

அப்பேர்ப்பட்டவர் கையில், இலவசமாக வெப்சைட் செய்துகொள்ளும் தளம் ஒன்று அகப்பட்டது. பெட்டி பெட்டியாக இழுத்துப் போட்டால் போதும், பக்கம் தயார். கடைப் பெயர், போன் நம்பர், திறக்கும் நேரம், பிரேம் படங்கள், எல்லாம் ஒரு மத்தியானத்தில் முடிந்துவிட்டது. அதோடு விட்டிருந்தால் வம்பில்லை. உள்ளே எதையோ துழாவும்போது, 'உங்கள் சொந்த ஸ்கிரிப்டை இங்கே சேர்க்கலாம்' என்று ஒரு வெற்றுக் கட்டம் கண்ணில் பட்டுத் தொலைத்தது. வெற்றுக் கட்டத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா போகிற ஆளா அவர்?

ஸ்கிரிப்ட் என்கிற அந்தக் கம்ப்யூட்டர் நிரலை எப்படி எழுதுவது என்று அவருக்குத் தெரியாது. யாரோ எழுதி இணையத்தில் போட்டிருப்பதைக் காப்பி எடுத்து இந்தக் கட்டத்தில் ஒட்டினால் பக்கம் வித்தை காட்டும் என்பது மட்டும் புரிந்தது. முதலில் ஒரு கடிகாரம் வந்தது. அப்புறம் பனி கொட்டியது. பிறகு, விரல் வைத்த இடத்திலெல்லாம் நட்சத்திரம் சிதறியது.

மனைவி ஒருநாள் தன் போனில் அதைப் பார்த்தாள்.

"ஏங்க, கண்ணு சரியா தெரியாதவங்கதான் நம்மளத் தேடி வருவாங்க. அவங்க முன்னாடி எதுக்கு இத்தனை பூச்சி பறக்குது?"

"பூச்சி இல்ல, நட்சத்திரம்."

"அவங்களுக்குப் பூச்சிதான்" என்றுவிட்டு மெஷினைப் போட்டாள்.

நட்சத்திரம் போயிற்று. தொழிலுக்குப் பொருத்தமாக ஒன்று வேண்டும் என்று ரோஷத்தோடு தேடியவருக்குப் பார்வை சோதிக்கும் பலகை மாதிரி ஒரு ஸ்கிரிப்ட் கிடைத்தது. பக்கத்தை மேலே தள்ளத் தள்ளப் பலகையில் எழுத்து சிறுத்துக்கொண்டே போகும். பார்ப்பவர் எந்த அளவில் நிறுத்தினாரோ அதை நினைவில் வைத்திருந்து, அடுத்த தடவை அங்கிருந்தே தொடங்கும். பலகைக்கென்று தனிப் பெட்டி போட்டு அதற்குள் ஒட்டும்படி எழுதியிருந்தது. அதையெல்லாம் யார் படிக்கிறார்கள்? பக்கம் முழுவதற்குமான கட்டத்திலேயே ஒட்டினார். ஒட்டிவிட்டுக் கடைக் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தார். பெரிய திரையாதலால் மொத்தப் பக்கமும் அதில் அடங்கிவிட்டது. தள்ள வேண்டிய தேவையே வரவில்லை, எழுத்தும் சிறுக்கவில்லை. "இது தேறாது" என்று அலுத்துக்கொண்டு, அழிக்கவும் மறந்து, பிரேம் அடுக்கப் போய்விட்டார்.

ஊரார் பார்ப்பதெல்லாம் போனில் அல்லவா? போனில் தள்ளாமல் எப்படி?

முதலில் பாட்டு டீச்சர் வந்தார். "போன வாரம் உங்க நம்பர் நல்லா தெரிஞ்சுது. நேத்து எறும்பு மாதிரி இருந்துது. இன்னிக்கு எறும்பையும் காணோம்!" என்றார். கடைக்காரர் அவர் கண்ணைச் சோதித்துப் பார்த்தார், பவரில் மாற்றமே இல்லை. அடுத்து ஒரு தையல்காரர், ஒரு வங்கிக் கணக்காளர். எல்லாருக்கும் அதே புகார்; பவரோ பழையபடியே. கண்ணாடிக்கடைக்காரருக்குச் சந்தேகம் வருவதற்குப் பதில் பெருமை வந்தது. "பாத்தியா, வெப்சைட் போட்ட ராசி! ஆள் எப்படி வருது!" என்று பின்னறையைப் பார்த்துச் சொன்னார். பதில் மெஷின் சத்தம்தான்.

பிறகு வந்தவர் பஸ் டிரைவர். உட்காராமல் நின்றார்.

"சார், அந்தக் கதவைக் கொஞ்சம் சாத்துங்க. எனக்குப் பார்வை போய்க்கிட்டிருக்கு. வெளிய தெரிஞ்சா என் கையில வண்டியைக் குடுக்க மாட்டாங்க. வீட்டுல கூட இன்னும் சொல்லல."

கடைக்காரர் அவரைச் சுவரில் மாட்டியிருந்த பார்வைப் பலகைமுன் உட்கார வைத்தார். டிரைவர் கடைசி வரிவரை கடகடவென்று வாசித்ததோடு, பலகை செய்த கம்பெனியின் பெயரையும் சேர்த்து வாசித்தார்.

"அப்ப எதுதாங்க தெரியல?"

"உங்க வெப்சைட்டு, சார்."

பின்னறையில் மெஷின் நின்றது. மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். டிரைவரின் போனை வாங்கி, பக்கத்தைக் கட்டைவிரலால் ஒரு தள்ளு தள்ளினாள். எழுத்து சுருங்கியது. இன்னொரு தள்ளு. இன்னும் சுருங்கியது.

"ஏங்க, கொஞ்சம் இங்க வாங்க. இது என்ன?"

குனிந்து பார்த்தவருக்கு முகம் வெளிறிவிட்டது. "அது... பார்வைப் பலகை. பக்கம் முழுக்கப் பலகையாயிடுச்சு போல."

"பலகையா? கடை பேரே கடுகாப் போயிருக்கு!"

டிரைவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உங்க கண்ணு நல்லா இருக்கு. என் கை செஞ்ச வேலை இது. மன்னிச்சுக்கோங்க" என்றார் கண்ணாடிக்கடைக்காரர்.

டிரைவருக்கு முதலில் கோபம் வந்தது. "ராத்திரியெல்லாம் தூக்கமில்லாம கெடந்தேன் சார்!" என்று கத்தினார். கத்தி முடிப்பதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். அங்கேயே நின்று வீட்டுக்குப் போன் போட்டு, "ஒண்ணுமில்ல, சும்மாதான் கூப்பிட்டேன்" என்றார். கண்ணாடிக்கடைக்காரர் பிரேம் அலமாரி பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்றே அந்த ஸ்கிரிப்ட் போயிற்று. பனியும் கடிகாரமும்கூடப் போயின. வந்துபோனவர்கள் ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டு உண்மையைச் சொன்னார். "பயந்துபோய் வேளாவேளைக்குக் கேரட்டா தின்னுக்கிட்டிருக்கேன், எனக்குச் சுரமே போச்சு!" என்று பாட்டு டீச்சர் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டார்.

சில நாள் கழித்து மனைவியே ஒன்று கேட்டாள்: தொட்டால் எழுத்து பெரிதாகிற மாதிரி ஒரு பட்டன். தேடிப் பிடித்து, சொல்லியிருந்ததை வரி விடாமல் படித்து ஒட்டினார். நான்கைந்து போன்களில் திறந்து பார்த்தார்கள். ஒழுங்காக வேலை செய்தது.

"இதோட நிறுத்திக்கோங்க" என்றாள்.

அவர் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினார். அவள் அதை நம்பவில்லை. பாஸ்வேர்டை மாற்றித் தன்னிடமே வைத்துக்கொண்டாள். இப்போது அவருக்கு எதையாவது ஒட்ட ஆசை வந்தால், பின்னறை வாசலில் போய் நின்று, மெஷின் சத்தம் அடங்கும்வரை காத்திருக்க வேண்டும்.